கழி முடியும் இடம்

அடிவாரம்,
20 ஏப்ரல் 1988

தங்கை நெலிதாவுக்கு,

அண்ணன் எல்வியோ எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடும்?

இதை ரேடியோவில் சொல்லியிருக்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு இந்தப் பள்ளத்தாக்கே மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நம் இருவர் குரலுக்காகத்தான் காத்திருக்கிறது. அவர்களுக்கு இலவசமாகக் கூத்துக் காட்ட நான் தயாரில்லை. அதனால் மிர்த்தாவின் மூட்டையில், உருளைக்கிழங்குக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவில் இதைச் செருகுகிறேன்.

பனியில் வழிகாட்டும் கழிகளை நட்டாயிற்று. மண் உறைவதற்குள் என் பாதியை முடித்துவிட்டேன். என் வீட்டு வாசலிலிருந்து மொட்டைத் திடல்வரை, அங்கிருந்து திடலின் வலது பக்கமாக மலைமுதுகின் அடியிலுள்ள பிளந்த பாறைவரை. எல்லாம் புது மூங்கில், ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு, நுனியில் சிவப்புத் துணி. கடைசிக் கழிக்கு மட்டும் இரண்டு முடிச்சு. அத்துடன் என் பாதி முடிந்தது. பிளந்த பாறையிலிருந்து முதுகின் மேலேறி உன் விடுதி வாசல்வரை நடவேண்டியது உன் பாதி. நாம் மூன்று பேரும் சேர்ந்து நட்ட காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

நீயோ மூன்று குளிர்காலமாக உன் மஞ்சள் துணிக் கழிகளைத் திடலின் இடது பக்கம் காட்டுக்குள் கொண்டுபோய் நட்டுவைத்திருக்கிறாய். என் கடைசிக் கழிக்கும் உன் முதல் கழிக்கும் நடுவே திடல் முழுக்க வெறும் வெளி. மேகம் இறங்கினால் சொந்தக் கால் தெரியாத இடம் அது. போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்கிறான், "என்னங்க, உங்க மலையேற்ற மன்றத்துல கழிக்குப் பஞ்சமா?" என்று. நான் என்ன சொல்ல? தங்கைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

உன் காட்டு வழி சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. பெருங்காற்று அடித்தபின் அந்தச் சரிவில் பனி பலகைபோலத் தொங்கும். என்றைக்கு அது பெயர்ந்து விழுகிறதோ அன்றைக்குக் காட்டில் ஒரு மரம் மிஞ்சாது. மஞ்சளைப் பிடுங்கி முதுகில் நடு. வாராவாரம் அந்த வெற்றுவெளியைத் தாண்டி உனக்கு மூட்டை சுமந்து வருகிற மிர்த்தா நம் தம்பி பெண்டாட்டி என்பதாவது நினைவிருக்கட்டும்.

பாதை நிலைமை: காய்ந்த மண். மேலே விடியலில் லேசான உறைபனி. நன்று.

எல்வியோ


மேல் விடுதி,
3 மே 1988

அண்ணன் எல்வியோவுக்கு,

நெலிதா எழுதுவது. என் முட்டி எப்படி இருக்கிறது என்று நீ விசாரிக்கவில்லை. பரவாயில்லை, அது உன்னைவிட நன்றாக வளைந்து கொடுக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? என்னை நினைத்தால் ஏறும் என்றால் நினைக்காதே.

வழக்கம், வழக்கம் என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷத்துக்கு முன் ஜூலைக் குளிரில் தாரியோ எந்த வழியில் வந்தான்? உன் வழக்கமான வழியில்தான். முதுகின் மேல் ஒரு சிவப்புத் துணிக்கும் அடுத்த சிவப்புத் துணிக்கும் இடையில் நம் தம்பி வழுக்கினான். அதுவரை இரண்டு பாதியிலும் ஒரே நிறம்தான் கட்டிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எனக்குச் சிவப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போதுமா?

முதுகில் காற்று நின்றதே கிடையாது. தரை முழுக்கக் கண்ணாடி. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் மாட்டியிருந்தாலும் ஒரு கால் பிசகினால் நேரே கீழே ஏரிதான். காட்டில் மரம் இருக்கிறது. பிடித்துக்கொள்ளலாம், மறைந்துகொள்ளலாம், மூச்சு வாங்கலாம். சரிவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. தினமும் விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சரிவின் மூஞ்சியைத்தான்.

மிர்த்தாவை நினைவிருக்கட்டும் என்கிறாய். அவளை நினைத்துத்தான் மாற்றினேன். புருஷன் விழுந்த இடத்தை வாராவாரம் அவளை மிதிக்க வைக்கச் சொல்கிறாயா? உனக்கு அந்த நெஞ்சு இருக்கலாம். எனக்கு இல்லை. மஞ்சள் காட்டில்தான் இருக்கும். உன்னால் முடிந்தால் நீ வந்து சேர்ந்துகொள்.

பாதை நிலைமை: முதல் பனி கணுக்கால் அளவு. காட்டில் நடக்கலாம். முதுகைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

நெலிதா


அடிவாரம்,
30 மே 1988

நெலிதாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கிறேன், கேட்டாயிற்று.

இந்த வாரம் நீ செய்தது என்ன? ரேடியோவில் "பாதை மூடியிருக்கிறது, யாரையும் அனுப்பாதீர்கள்" என்கிறாய். நான் என் வாசலில் வந்து வானத்தைப் பார்க்கிறேன், துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. வாசலில் உள்ள பாதை நிலைமைப் பலகையில் "நன்று" என்று எழுதினேன். எழுதியது நான், பலகை என்னுடையது. நீ மூடியிருக்கிறது என்று சொல்வதெல்லாம் சமைக்கச் சோம்பலாக இருக்கிற நாளில்தான் என்று ஊருக்கே தெரியும்.

தலைநகரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி அன்றைக்குத்தான் கிளம்பினார்கள். அந்தப் பையன் பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான், "பெரியவரே, கீழ நன்றுன்னு போட்டிருக்கு, ரேடியோ அம்மா மூடியிருக்குன்றாங்க. எதைத்தான் நம்புறது?" நான் சொன்னேன், "தம்பி, கண்ணு இருக்கிறவன் சொல்றத நம்பு." அவன் போட்டிருந்ததோ டென்னிஸ் விளையாடுகிற ஷூ. கடன் கொடுக்க என் பழைய பூட்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். அந்த அளவுக்கு எனக்கும் பொறுப்பு உண்டு.

அவர்கள் திரும்பி வந்தபின், போகும்போது திடலில் வழி தெரியாமல் சுற்றிச்சுற்றி நின்றதாகச் சொன்னார்கள். சிவப்பு முடிந்ததாம், மஞ்சளைக் காணோமாம். அந்தப் பெண் அழுதிருக்கிறாள். புதுப்பெண்ணைத் தேனிலவில் அழவைத்த பெருமை உனக்கு.

பாதை நிலைமை: திடலில் முழங்கால் அளவு, இளகிய பனி. மற்றபடி நன்று.

எல்வியோ


மேல் விடுதி,
19 ஜூன் 1988

அண்ணனுக்கு,

இருமல் இருக்கிறது, சாகமாட்டேன். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன், சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள்?

உன் வாசலில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்ததாம். எல்வியோ, உன் வாசல் பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு வானிலை சொல்கிறாய். அந்தத் தம்பதி இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் உதடு நாவல்பழ நிறம். பருப்புக் கஞ்சியை ஊட்டிவிட வேண்டியிருந்தது. விரலால் கரண்டி பிடிக்க முடியவில்லை. "கீழ இருக்கிற தாத்தா ரொம்ப நல்லவரு, பூட்ஸ் குடுத்தாரு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் உனக்குச் செய்த பேருதவி அதுதான்.

மிர்த்தா வெள்ளிக்கிழமை வந்தாள். திடல் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி மேகம். இந்த நாளில் எப்படித் தாண்டினாய் என்று கேட்டேன். மூட்டையை இறக்கிக்கொண்டே சிரித்தாள்.

"அது ஒண்ணுமில்ல அண்ணி. அத்தானோட ரெட்டை முடிச்சுக் கழி வந்ததும் நிப்பேன். வலது கன்னத்துல காத்தை வாங்கிக்கிட்டு நேரா நடப்பேன். காத்து எப்பவும் மேக்கால இருந்துதானே வருது? நடந்துக்கிட்டே இருந்தா உங்க மஞ்சக் கழி மூக்குல வந்து முட்டும். கண்ணே வேணாம்."

"முட்டலைன்னா?"

"இதுவரைக்கும் முட்டாம இருந்ததில்ல."

கேட்டுக்கொள். உனக்கும் எனக்கும் நடுவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தால் நடக்கிறாள். உன் வறட்டுப் பிடிவாதத்தின் லட்சணம் இது. நாலு கழியை இடது பக்கம் திருப்பி நட்டால் உன் கை முறிந்துவிடுமா?

பாதை நிலைமை: காட்டில் தொடையளவு, பனி மிதியடி இல்லாமல் வரவேண்டாம். திடலில் எதுவும் தெரியவில்லை.

நெலிதா


அடிவாரம்,
10 ஜூலை 1988

நெலிதாவுக்கு,

நேற்றுச் சுதந்திர தினம். நேற்றே தாரியோவின் நினைவு நாளும். கொடியேற்றிவிட்டு எல்லோரும் சோளக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். எனக்கு இறங்கவில்லை. மிர்த்தாவும் அவள் மகள் ரொசாலியாவும் கல்லறைக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு ஒன்பது வயது, அப்படியே அவன் முகவாய். கோபம் வந்தால் உதட்டைக் கடிப்பதுகூட அவனைப் போலத்தான்.

இத்தனை வருஷம் நான் எழுதாததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அன்று காலை ரேடியோவில் "முதுகு தெளிவு, பனி கெட்டி, வரலாம்" என்று சொன்னது யார்? என் குரலா? உன் குரல். அதைக் கேட்டுத்தான் அவன் கிளம்பினான். என் வாசலில் நின்று பூட்ஸ் கயிறு கட்டியபடி, "அக்கா வரலாம்னு சொல்லிட்டா, சாயங்காலம் அவ கையால ரொட்டி" என்றான். நீ சிவப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்கிறாய். எனக்கு உன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் எட்டு மணிக்குக் கேட்கிறேன், மன்றம் அதற்குத்தான் எனக்கு இந்த வீட்டைக் கொடுத்திருக்கிறது.

கழியைத் திருப்பமாட்டேன். முதுகில் நட்டு வா.

பாதை நிலைமை: உனக்குத் தெரிந்ததுதானே. நீயே சொல்லிக்கொள்.

எல்வியோ


மேல் விடுதி,
7 ஆகஸ்ட் 1988

எல்வியோவுக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தன.

ஆமாம், என் குரல்தான். காலையில் தெளிவாகத்தான் இருந்தது, அதனால் தெளிவு என்றேன். அவன் உன் வாசலில் மத்தியானம்வரை மாத்தே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அப்போது காற்று திரும்பியது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் விட்டாய்? "போகாதேடா" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு உன் வாயில் அன்றைக்குப் பஞ்சம். இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாய்.

இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

மிர்த்தா வெள்ளிக்கிழமை வந்தபோது புருவமெல்லாம் பனி. அடுப்படியில் உட்கார்ந்து மாத்தேக் குடுவையைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன். "சிவப்பு... சிவப்பு... சிவப்பு..." என்று ஒவ்வொரு கழியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். "மஞ்சள் எங்கே?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அவள் கையிலிருந்து குடுவையை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தேன். பிளக்க வேண்டிய விறகு ஏதும் இல்லை, இருந்ததையே பிளந்தேன்.

இன்றைக்கு அவள் இறங்குகிறாள். வரும் நாட்களில் எனக்கு வெளியே கொஞ்சம் வேலை இருக்கிறது. ரேடியோவில் என் குரல் கேட்கவில்லை என்றால் நான் செத்துவிட்டேன் என்று சந்தோஷப்படாதே.

பாதை நிலைமை: மோசம். எல்லா வழியும் மோசம்.

நெலிதா


அடிவாரம்,
18 ஆகஸ்ட் 1988

நெலிதாவுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? (உண்மையாகவே கேட்கிறேன், இருமலையும் சேர்த்து.)

உன் கடிதத்தின் முதல் பாதிக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் நானும் அடுப்பில்தான் போடவேண்டும். என் அடுப்பு சின்னது.

போன வாரம் புயலில் மிர்த்தா கிளம்பவில்லை, தெரியும் உனக்கு. அவளும் பிள்ளையும் என் வீட்டில் சாப்பிட்டார்கள். நான் பலகையில் பாதை நிலைமை எழுதிக்கொண்டிருந்தேன். ரொசாலியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நீங்க எல்லாருக்கும் வழி சொல்றீங்கல்ல? எங்கம்மா எந்த வழியா போவா?"

"கழியைப் பார்த்துப் போவா, கண்ணு."

"கழி முடிஞ்சதுக்கு அப்புறம்?"

சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பலகைக்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை.

எனக்கு இப்போது இடுப்புப் பிடித்திருக்கிறது. இந்த வாரம் ஒரு சின்ன வேலை, குனிந்து நிமிர வேண்டியிருந்தது. என்ன வேலை என்று கேட்காதே, நான் சொல்லப்போவதில்லை. நீயே பார்ப்பாய். பார்த்தபின் பதில் எழுதும்போது கொஞ்சம் மரியாதையோடு எழுது. அதற்காக நான் உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

பாதை நிலைமை: திடலில் புதுப்பனி இடுப்பளவு, போன வருஷத்தைவிட அதிகம். நாளைக்கு மேகம் இறங்கும்போல் தெரிகிறது. கழியைத் தொடர்ந்து வந்தால் போதும்.

எல்வியோ


அடிவாரம்,
20 ஆகஸ்ட், சனிக்கிழமை, விடியற்காலை

நெலிதா,

மிர்த்தா அங்கே இருக்கிறாளா? நேற்று இருட்டிலேயே கிளம்பிவிட்டாள், நான் எழுந்தபோது பிள்ளை மட்டும் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், மூட்டையோடு முந்தின ராத்திரி வைத்த கடிதமும் போய்விட்டது. நேற்று முழுக்கப் புயல். உன் ரேடியோ வியாழக்கிழமையிலிருந்து செத்துக் கிடக்கிறது. மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் பனிச்சறுக்குக் கட்டையோடு மேலே வருகிறார்கள், அவர்களிடம் ஒரு வரி எழுதிக் கொடு. இருக்கிறாள் என்று மட்டும் எழுது. வேறு எதையும் எழுதவேண்டாம், திட்டுவதென்றால்கூட அப்புறம் திட்டு.

எல்வியோ


(அதே தாளின் பின்பக்கம்)

எல்வியோ,

இங்கே வரவில்லை. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. புயலில் கிளம்பியிருக்கமாட்டாள் என்று நினைத்து நான் பாவி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பையன்கள் கழி எதையும் பார்க்காமல் ஏரிப் பக்கமாகச் சுற்றி வந்தார்களாம், வழியில் தடம் ஒன்றும் இல்லையாம். ஒருவனை உடனே திருப்பி அனுப்புகிறேன். இன்னொருவனோடு நான் இறங்குகிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். காட்டில் தேடாதே. அங்கே என் கழி இல்லை. மஞ்சளையெல்லாம் பிடுங்கி முதுகில் நட்டுவிட்டேன். புதன்கிழமை பிளந்த பாறைவரை வந்து முடித்தேன். உன் ரெட்டை முடிச்சைத் தேடினேன், காணவில்லை. புதுப்பனியில் புதைந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் சிவப்பைத் தொடர்ந்து பாறைக்கு வந்தால் என் மஞ்சளில் முட்டியிருக்க வேண்டும். முதுகில் பார்த்துக்கொண்டே வருகிறேன். நீ கீழிருந்து பாறைக்கு வா.

ஏன் நட்டாய் என்று கேட்காதே. அவளுக்காகத்தான்.

நெலிதா


ஊர் ஆஸ்பத்திரி,
3 செப்டம்பர் 1988

அத்தானுக்கும் அண்ணிக்கும்,

மிர்த்தா சொல்றது. என் ரெண்டு கையிலயும் கட்டு. நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுறாங்க. ஒரே கடிதத்தை ரெண்டு தாள்ல எழுதச் சொல்லியிருக்கேன், ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தருக்கு வந்ததை இன்னொருத்தர் கிட்ட குடுத்து அனுப்புற வேலையெல்லாம் இனிமே கிடையாது. கை சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. இடது கால்ல ரெண்டு விரல் போச்சு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும். செருப்புல இடம் மிச்சம்.

நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா வந்து கட்டில் ஓரத்துல உட்கார்ந்துட்டு, ஆரஞ்சுப் பழத்தை வெச்சுட்டு, மூக்கை உறிஞ்சிட்டுப் போறீங்க. ஒருத்தர் வர்ற நேரம் பார்த்து இன்னொருத்தர் வராண்டாவுல ஒளிஞ்சு நிக்கறீங்க. நர்ஸம்மா எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு என் வாயால முழுசா நீங்க இன்னும் கேக்கல. கேளுங்க.

வெள்ளிக்கிழமை திடலுக்கு வந்தப்ப ஒண்ணுமே தெரியல. குனிஞ்ச தலை நிமிராம கழி கழியாப் பிடிச்சு நடந்தேன். காத்து கொஞ்சம் வேற பக்கமா அடிக்கிற மாதிரி இருந்துச்சு. சுழிக்காத்துன்னு நினைச்சேன். ரெட்டை முடிச்சு கைக்கு வந்துச்சு. சரி, பிளந்த பாறைன்னு நின்னேன். பாறையைத் தொட்டுப் பார்க்கல, எதுக்குத் தொடணும்? நாலு வருஷமா அத்தானோட முடிச்சு அங்கதானே இருந்துச்சு. வலது கன்னத்துல காத்தை வாங்கிக்கிட்டு நடந்தேன். நடந்தேன், நடந்தேன், மஞ்சள் வரவேயில்ல. காலுக்குக் கீழ பனி உடைஞ்சு இடுப்பு வரைக்கும் ஓடைக்குள்ள போயிட்டேன்.

ஏன்னா அத்தான், உங்க முடிச்சு பிளந்த பாறையில இல்ல. அண்ணி சொன்ன காட்டு வாசலுக்கே கொண்டுபோய் நட்டிருந்தீங்க. அங்க இருந்து கன்னத்துல காத்தை வாங்கிக்கிட்டு நடந்தா ஓடைதான். அண்ணி, உங்க மஞ்சள் அங்க இருந்திருந்தா முடிச்சுக்குப் பக்கத்துலயே என் மூக்குல முட்டியிருக்கும். அதைத்தான் நீங்க அத்தான் சொன்ன முதுகுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே. ரெண்டு பேரும் தேடியிருக்கீங்க, ரெண்டு பேரும் "புதைஞ்சிருக்கும்"னு நினைச்சிருக்கீங்க. அவங்க மாத்தியிருப்பாங்கன்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க.

ஓடையில இருந்து எப்படி ஏறினேன்னு எனக்கே தெரியாது. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அடியில பனியைத் தோண்டி உள்ள போய் உட்கார்ந்தேன். காலு நனைஞ்சு விறைச்சுப் போச்சு. பையில காஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பிளாஸ்டிக்ல சுத்தின அத்தானோட கடிதம். நாலா மடிச்சு வலது கால் பூட்ஸுக்குள்ள வெச்சேன். வலது கால்ல ஒரு விரல்கூடப் போகல. உங்க திட்டு முதல் தடவையா யாருக்கோ சூடு குடுத்திருக்கு. இன்னொரு கடிதம் இருந்திருந்தா இடது காலும் பிழைச்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரி ரொசாலியாவை நினைச்சேன். அப்பன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவும் இல்லாமப் போகுதேன்னு அழுதேன். அப்புறம் உங்க ரெண்டு பேரையும் நினைச்சேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட உடம்பு சூடாச்சு. அதுக்கு நன்றி.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தான்தான் வந்து கூப்பிட்டாரு. அண்ணி எழுதி அனுப்பினதைப் படிச்சதும் அவருக்குப் புரிஞ்சுடுச்சாம். நான் கன்னத்தால நடக்கிறது உங்க கடிதத்துல இருந்துதான் அவருக்குத் தெரியும் அண்ணி. முடிச்சுல நின்னு வலது கன்னத்தைக் காத்துக்குக் காட்டி, நான் நடந்த மாதிரியே நடந்து வந்திருக்காரு. ஓடைக்கரையில நின்னு என் பேரைச் சொல்லிக் கத்தினாரு. அந்தக் குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. "இங்கதான் இருக்கேன், கத்தாதீங்க, மேல சரிவு இருக்கு"ன்னேன். அந்த மனுஷன் பனியில மண்டிபோட்டு உட்கார்ந்து ஓன்னு அழுதாரு. அண்ணி, உங்ககிட்ட அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டாரு, அதான் நான் சொல்றேன்.

இருட்டினப்புறம் அண்ணியும் வந்து சேர்ந்தாங்க. என்னைச் சறுக்குப் பலகையில கட்டிப் போட்டீங்க. நான் நினைவில்லாம கிடந்தேன்னு நினைச்சீங்கல்ல? நல்லா நினைவோடதான் இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு.

"திடலைச் சுத்தி முதுகடி வழியா இழுப்போம் எல்வியோ, நீ சொன்னதுதான் சரி. காட்டோரம் வேணாம், சரிவு தொங்குது."

"போடி, முதுகடியில என்ன காத்து பாத்தியா? நீ சொன்னதுதான் சரி, காட்டோரமா போவோம்."

"அதான் நீ சொன்னதுதான் சரின்றேனே!"

"நான் சொன்னது தப்புன்றேன், கேட்கமாட்டியா?"

பலகை நடுவுல. நான் பலகை மேல. நாலு வருஷம் கழிச்சு ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் ஒத்துக்கிறீங்க, அதுக்கும் சண்டை. என் காலு கல்லாகிட்டு இருக்கு. கடைசியில அந்த மன்றத்துப் பையன்தான் கத்தினான், "யாராவது ஒரு பக்கம் இழுங்கய்யா!"ன்னு. அந்தப் பையனுக்கு ஒரு ஆட்டுக்குட்டி சுட்டுப் போடணும். அத்தான் செலவு.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க.

தாரியோ விழுந்ததுக்கு யார் காரணம்னு நாலு வருஷமா ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போடுறீங்க. என்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். காத்து காரணம். அக்கா வரலாம்னு சொல்லாட்டியும் அவன் போயிருப்பான், அண்ணன் தடுத்தாலும் போயிருப்பான். அவன் என் புருஷன், எனக்குத் தெரியாதா?

நீங்க பகையா இருந்தவரைக்கும் எனக்கு பயமே இல்ல. அத்தானோட பிடிவாதம் எங்க முடியுது, அண்ணியோட பிடிவாதம் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியும். நடுவுல கண்ணை மூடிட்டு நடந்தேன், ஒரு தடவை தப்பல. எனக்காக விட்டுக்குடுத்தீங்க பாருங்க, அன்னைக்குத்தான் சாகப் பார்த்தேன். விட்டுக்குடுத்தா விட்டுக்குடுத்தேன்னு வாயைத் திறந்து சொல்லணும். ஒருத்தருக்கொருத்தர் சொல்ல மானம் போச்சுன்னா எனக்காவது சொல்லியிருக்கலாம். நடக்கிறவ நான்தானே?

ஏப்ரல்ல எனக்குக் கால் ஆறிடும். ஒரே கோடு நடுவோம். எந்த வழின்னு நான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது. அத்தான் கழியைப் பிடிக்கணும், அண்ணி சுத்தியல்ல அடிக்கணும். அண்ணி, அவர் விரல்ல ஒரு தடவை அடிச்சுக்கலாம், ஒரே ஒரு தடவை. துணி என்ன நிறம்னு ரொசாலியாவைக் கேட்டேன். பச்சைன்னு சொல்லிட்டா.

இனிமே உங்க கடிதத்தை நான் சுமக்கமாட்டேன். அரிசி, மாவு, எரிவாயு எது வேணாலும் சுமக்கறேன், உங்க கடிதம் மட்டும் வேணாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பார்வை நேரம் மூணு மணிக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள வரணும், வராண்டாவுல யாரும் ஒளியக்கூடாது. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, யார் உட்கார்றதுன்னு நீங்களே பேசிக்குங்க.

பாதை நிலைமை: ஆஸ்பத்திரி வாசல்ல பனியை வாரிட்டாங்க. நடந்து வரலாம்.

மிர்த்தா